முதல் காய் செபஸ்தியாருக்கு

இஞ்ஞாசியம்மாள் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவள். ஒரு தடவை காய் கொண்டுவரும் ஆள் இறக்கிப் போட்ட கத்திரிக்காய் மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். பாதி சொத்தை. அப்படியே கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு, டீக்கடையில் நின்ற அவன் வண்டிவரை நடந்து போய் இறக்கிவிட்டு வந்தாள். "பிள்ளைக திங்கிறது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பருப்பும் பள்ளிக்கூட முருங்கைக் கீரையும்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள், எல்லோரும் கொஞ்சம் படுத்து எழும்பச் சொன்னபோது, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். இப்போது வயது அறுபத்தொன்று.

கொல்லை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில், வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம். ஓரத்தில் ஒரு முருங்கை, பந்தலில் புடலை, நடுவில் தக்காளியும் வெண்டையும். மீதி முழுக்கக் கத்திரி. கத்திரிக்கு அந்த வீட்டில் ஒரு கதை இருந்தது.

மகன் பிரின்ஸ் இரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது அம்மை போட்டு, அது இறங்கி நெஞ்சுச் சளியாகி, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்த அவள் கணவர் கிளெமென்ட், மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர், கொல்லையில் பூத்து நின்ற நாலு கத்திரிச் செடி முன்னால் நின்று வேண்டிக்கொண்டார். வருசா வருசம் இந்த மண்ணில் முதலில் காய்க்கிற கத்திரிக்காய் அம்புட்டும் செபஸ்தியாருக்கு. பிள்ளை பிழைத்தான். தெருக்கோடியில் இருக்கும் செபஸ்தியார் கோயிலில் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சாப்பாடு போடுவார்கள். சோறு, கறிக்குழம்பு, பருப்பில் கத்திரிக்காய் போட்ட தால்சா. அந்தத் தால்சாவுக்கு இஞ்ஞாசியம்மாள் வீட்டுக் கூடைகள் போய்ச் சேரும்வரை, வீட்டில் யாரும் செடியில் கை வைக்கக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம்தான் பறிப்பு. முப்பத்தொரு வருடம் இது தப்பியதில்லை. கிளெமென்ட் இறந்த வருடத்திலும், அடக்கம் முடிந்த பன்னிரண்டாம் நாள், அவள் கூடை தூக்கிக்கொண்டு போனாள்.

பிரின்ஸுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. மில்லில் சூப்பர்வைசர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய கார் ஒன்று வாங்கினான். அது தெருவில் நிற்கிறது. தெருவில் நிற்கிற காரில் பிள்ளைகள் ஆணியால் பெயர் எழுதும். ஆடு ஏறி நிற்கும். கொல்லைக்குப் பக்கச் சந்து வழியாகக் கார் போக இடமிருந்தது. சிமெண்டுத் தளம் போட்டு மேலே ஷீட் இறக்கிவிட்டால் முடிந்தது. அவன் இதைச் சொல்லும்போதெல்லாம் இஞ்ஞாசியம்மாள் ஒரே பதில்தான் சொல்வாள்.

"நேர்ந்த மண்ணுடா அது. ஒனக்காக நேர்ந்தது. போடு சிமெண்டு, நான் பாக்குறேன்."

பிரின்ஸின் உயிரையே காட்டிப் பேசினால் யார்தான் என்ன சொல்ல முடியும்? வருடா வருடம் முதல் காய் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறவரைக்கும் அந்த மண்ணை யாரும் தொட முடியாது என்பது அந்த வீட்டில் எழுதாத பத்திரம்.

அந்த வருடம் ஈஸ்டர் பிந்தி வந்தது. அதனால் ஊர்ச் சாப்பாடும் மாசி பாதி தாண்டித்தான். இஞ்ஞாசியம்மாள் காலண்டரைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணித்தான் நாற்று நட்டாள். கணக்குத் தப்பவில்லை. சாப்பாட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது செடிக்கு ஏழெட்டுக் காய், வரி விழுந்த ஊதா நிறத்தில், பளபளவென்று தொங்கியது. அப்போதுதான் வானம் மூடியது.

மாசி பிறந்தால் திண்டுக்கல்லில் பகலில் விசிறி சுற்ற ஆரம்பித்துவிடும். போர்வையெல்லாம் துவைத்துப் பெட்டிக்குப் போயிருக்கும். அந்த வருடம் கடலில் எங்கோ ஒரு தாழ்வு நிலை. மூன்று நாள் வெயில் முகமே காட்டவில்லை. நசநசவென்று தூறலும், வடக்கேயிருந்து எலும்பில் ஏறும் காற்றும். சிறுமலையிலிருந்து வாழைத்தார் கொண்டு இறங்கும் ஆட்களே குல்லாவைக் கழற்றாமல் பஸ் ஸ்டாண்டில் நின்று, "மலையே தேவல போலயே" என்று சிரித்தார்கள். கொல்லைக்கு வடக்கே முன்பு பழைய அரிசிக் குடோன் ஒன்று இருந்தது. போன வருடம் அதை இடித்து மனை போட்டுவிட்டார்கள். இப்போது காற்றுக்குத் தடையே இல்லை.

மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் காதர் பீவி வீடு. அவள் கணவன் சௌகத் அலி பிரியாணி மாஸ்டர். கோயில் சாப்பாட்டுக்கு இருபது வருடமாகச் சமைப்பதும் அவர்தான். காதர் பீவி முக்காட்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, பறிச்சுருங்க. இன்னும் ரெண்டு நாளு இப்படி அடிச்சா காயி தாங்காது. எங்க ஃபிரிட்ஜு காலியாத்தான் கெடக்கு."

"சனிக்கிழமைதான் பறிப்பு."

"ஒங்க செபஸ்தியாரு ஃபிரிட்ஜ தொறந்து பாத்துக்கிட்டா இருக்கப் போறாரு?"

"அவரு பாக்குறாரோ என்னமோ. நான் பாப்பேன்ல?"

"நல்ல ஆளுக்கா நீங்க. காயி அழுகினாலும் முறை அழுகக் கூடாது!"

"ஆமா. அப்படித்தான்."

ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. பரணில் ஏறி, பிரின்ஸ் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் இரண்டையும் இறக்கினாள். இருபதடிக்குப் பத்தடி. நாலு மூலையிலும் கம்பு நட்டு, செடிகளுக்கு மேலே இழுத்துக் கட்டி, பக்கவாட்டிலும் இறக்கி, செங்கல் வைத்து அமுக்கினாள். மாடியில் துணி எடுக்கப் போன மருமகள் வினோலியா கீழே பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அத்தை! எம்மூஞ்சி மேல காக்கா உக்காந்திருக்கு!"

"உக்காந்துட்டுப் போகட்டும். கல்யாணத்தன்னைக்கு மாதிரி அப்படியே சிரிச்சுக்கிட்டு இரு."

பிரின்ஸ் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். தன் முகமே ஒரு கத்திரி வரிசைக்குக் கூரையாக நிற்பதை எந்த மகனும் ரசிக்க மாட்டான். "ஊரே சிரிக்குதும்மா" என்றான். "சிரிக்கட்டும், இந்தக் குளிருக்கு நல்லது" என்றாள்.

தூறல் நின்றதும் பனிமூட்டம் பிடித்தது. நாலு நாள், காலை ஒன்பது மணிவரை எதிர் வீடு தெரியவில்லை. குளிர் நிற்கும்வரை திறப்பதில்லை என்று இஞ்ஞாசியம்மாள் மூடியது மூடியபடியே விட்டாள். அது அவள் செய்த தப்பு. பகலிலாவது ஒரு பக்கம் தூக்கி விட்டிருக்க வேண்டும். ஃபிளெக்ஸ் காற்றை நிறுத்தியது, ஈரத்தையும் நிறுத்தி வைத்தது. ஐந்தாம் நாள் சூரியன் எட்டிப் பார்த்ததும் செங்கலை நகர்த்தி ஒரு மூலையைத் தூக்கினாள். புளித்த மாவுப் பானையைத் திறந்த மாதிரி வாடை அடித்தது.

தக்காளி கருகிக் கூழாகி விட்டிருந்தது. புடலைக் கொடி, மூடாமல் விட்டதுதான், அதுவும் பழுத்துத் தொங்கியது. கத்திரி இலைகள் மஞ்சளாகிச் சுருண்டு, பூவெல்லாம் கீழே கொட்டிக் கிடந்தன. காய் செடியிலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பழுப்பாக, விரல் வைத்தால் அமுங்கும்படி ஒரு வட்டம். சிலது முழுவதுமே வட்டம்.

இஞ்ஞாசியம்மாள் ஃபிளெக்ஸை உருட்டி ஓரத்தில் போட்டாள். கருகிய தக்காளியை வேரோடு பிடுங்கித் தனியாகக் குவித்தாள். காபி ஆறிப்போகிறது என்று வினோலியா இரண்டு தடவை கூப்பிட்டபோதும், "வாரேன்" என்றாளே தவிர வரவில்லை. ஒவ்வொரு செடியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனாள். முடித்து எழுந்தபோது மணி பதினொன்று.

"நாந்தான் வேக வச்சுட்டேன்" என்றாள். அழுகை எதுவும் இல்லை. உலையில் உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற குரல்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பிரின்ஸ் மெதுவாக ஆரம்பித்தான். கெட்டவன் இல்லை அவன். அம்மா முகத்தைப் பார்த்து, சொல்ல வந்ததைப் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னான்.

"இந்த வருசம் கூடை போகாதுல்லம்மா?"

"ஏன் போகாது?"

"அழுகினதையா கொண்டு போவ?"

வினோலியா சமாதானமாக நடுவில் வந்தாள். "அத்தை, மார்க்கெட்டுல ரெண்டு கூடை நல்ல காயா வாங்கிக் குடுத்துருவோம். எங்க அம்மா வீட்டுலகூட நேர்ந்த ஆடு செத்துப்போயி வேற ஆடு வாங்கித்தான் விட்டாங்க."

"ஆட்டுக்கு அது சரி பிள்ள. ஒங்க மாமா 'இந்த மண்ணுல காய்க்கிறது'ன்னு சொல்லி நேர்ந்தவரு. மார்க்கெட்டுக் காயி எந்த மண்ணு? எவன் மருந்தடிச்ச மண்ணு?"

"அப்ப இந்த வருசத்தோட நேர்த்தி முறிஞ்சுருச்சுன்னுதான அர்த்தம்" என்றான் பிரின்ஸ், தட்டைப் பார்த்துக்கொண்டே. "முப்பத்தொரு வருசம் குடுத்தாச்சு. போதும்னு செபஸ்தியாரே நெனச்சிருப்பாரு. நானும் நல்லாத்தான் இருக்கேன்."

இஞ்ஞாசியம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அவன் எங்கே வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். கூடை போகாவிட்டால் மண் போய்விடும்.

"சனிக்கிழமை பறிப்பேன்" என்றாள். "ஞாயித்துக்கெழமை கூடை போகும்."

சனிக்கிழமை சாயங்காலம் பறித்தாள். பிரித்துப் பார்க்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. நல்லது, பாதி, முழு அழுகல் எல்லாம் ஒன்றாக, செடியில் ஒரு காய் மிச்சமில்லாமல். மூன்று கூடை வந்தது. கூடைக்கு மேலே துணி போட்டு மூடும் வழக்கம் உண்டு. அந்தத் தடவை துணி போடவில்லை.

ஞாயிறு காலை கோயில் பந்தலில், காய்கறி வாங்கி வைக்கிற மேசையில் அருள்நாதன் இருந்தான். கோயில் சபையின் செயலாளர். சத்துணவுக் கூடத்தில் அவள் கையால் ஐந்து வருடம் சாப்பிட்ட பிள்ளை. இப்போது தொப்பையும் மூக்குக் கண்ணாடியும். கூடையைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"யக்கா, என்னக்கா இது?"

"கத்திரிக்கா."

"அது தெரியுதுக்கா. ஆயிரம் பேரு சாப்பிடுற சாப்பாடு. சொத்தக் காயி மூட்டையைத் தலையில தூக்கிட்டுப் போயித் திருப்பிக் குடுத்தவங்க நீங்க. நீங்களே இதக் கொண்டாந்தா நான் என்னன்னு சொல்லுறது?"

"அவன் வித்தான், நான் திருப்பினேன். இது விக்கிறது இல்ல. முதல் காயி அம்புட்டும்னு நேர்ந்திருக்கு. நல்லதாப் பொறுக்கிக் குடுக்குறோம்னு நேரல. இந்த வருசம் என் மண்ணு குடுத்தது இதுதான். இதக் கொண்டாராம நான் எதக் கொண்டாருவேன்?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். "குப்பைய எல்லாம் காணிக்கைன்னு கொண்டாந்தா!" என்றாள் இன்னொருத்தி. இஞ்ஞாசியம்மாள் திரும்பினாள்.

"ஆமாடி, குப்பதான். ஒங்க வீட்டுக் கொல்லையில என்ன வெளஞ்சது, கொண்டா பாப்போம்."

அந்தப் பெண் கொண்டு வந்திருந்தது கடையில் வாங்கிய ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட். பந்தலுக்கு அந்தப் பக்கம் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பிரின்ஸ், காது சிவந்து, மரியாதையாக ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றான்.

அடுப்படியிலிருந்து சௌகத் அலி கையைத் துடைத்தபடி வந்தார். கூடையில் கையை விட்டு ஒரு காயை எடுத்தார். அமுக்கினார், முகர்ந்தார். கத்தியால் காம்புப் பக்கம் ஒரு விரல் அளவு அறுத்து வெள்ளையாக இருப்பதைப் பார்த்தார்.

"இதுல பாதி தேறும்" என்றார்.

"பாய், பாவப்பட்டுச் சொல்லாதீங்க" என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

"பாவமா? என் தால்சாவுல ஒரு துண்டு கசந்தாலும் திண்டுக்கல்லு பூரா எம்பேரு நாறிப் போகும். பாவத்துக்கு எல்லாம் காயி போட மாட்டேன்க்கா. ஒக்காருங்க, ரெண்டு பேரும் நறுக்குவோம். சந்தேகம் வந்தா தூரப் போடணும், சரியா?"

"எனக்கே சொல்லிக் குடுக்குறீங்களா?"

இருவரும் உட்கார்ந்தார்கள். அவருக்குக் கத்தி, அவளுக்கு அரிவாள்மனை. பழுப்பு எங்கே முடிகிறதோ அதற்கு அரை விரல் தள்ளி அறுத்தார்கள். பாதிக்கு மேல் போனதை அப்படியே எறிந்தார்கள். சௌகத் அலி வைத்துக்கொண்ட ஒரு துண்டை அவள் எடுத்துத் தூரப் போட்டாள். அவள் வைத்துக்கொண்ட இரண்டை அவர் எறிந்தார். சண்டை போட்டுக்கொண்டே நறுக்கினார்கள். அருள்நாதன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். மூன்று கூடையிலிருந்து ஒரு தாம்பாளம் தேறியது. அதுவும் தலை தட்டி.

ஊரார் காணிக்கையாகக் கொடுத்த காய் ஏற்கெனவே அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. சௌகத் அலி தாம்பாளத்தை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் கொட்டினாள். இரண்டு அண்டா தால்சாவில் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுகலைக் கூடையில் அள்ளிக்கொண்டு, எருக்குழிக்கு ஆகுமென்று வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

சாப்பாடு முடிந்து வெயில் தணிந்ததும் கொல்லையில் இறங்கினாள். கொடுவாளை நன்றாகத் தீட்டி, கத்திரிச் செடிகளை ஒவ்வொன்றாக ஒரு சாண் உயரத்துக்கு வெட்டினாள். வெட்டியதையெல்லாம் சந்து வழியாக வெளியே இழுத்துப் போட்டாள். இருட்டுவதற்குள் கொல்லை, முடி இறக்கிய தலை மாதிரி ஆகிவிட்டது.

பிரின்ஸ் மாடியிலிருந்து அதைப் பார்த்தான். அம்மாவே மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தான். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் முறுக்கிக்கொள்வாள் என்று பயம். போனை எடுத்து மாடியின் மறு ஓரத்துக்குப் போனான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்து வாசலில் டிப்பர் வந்து மணலையும் ஜல்லியையும் கொட்டியது. பின்னாலேயே குட்டி யானை வண்டியில், ஷெட்டுச் சுவருக்கென்று நூற்றைம்பது ஹாலோ பிளாக்கும் பத்து மூட்டை சிமெண்டும். கொத்தனார் சின்னக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றி வந்தார்.

"யக்கா, இந்தக் கட்டையெல்லாம் பிடுங்கிட்டுத் தரையக் கொத்திரலாமா?"

இஞ்ஞாசியம்மாள் அப்போதுதான் அடிக்கட்டைகளைச் சுற்றி எரு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். மணலைப் பார்த்தாள், சிமெண்டைப் பார்த்தாள், பின்வாசலில் பல் குச்சியோடு நின்ற மகனைப் பார்த்தாள்.

"எதுக்குப் பிடுங்கணும்?"

"நீதானம்மா வெட்டிப் போட்ட?" என்றான் பிரின்ஸ்.

"வெட்டல. கழிச்சு விட்டிருக்கேன். இங்க வா. வாடா இங்க."

ஒரு கட்டையின் தோலை நகத்தால் கீறிக் காட்டினாள். உள்ளே பச்சை. "இலைதான் போச்சு, காயிதான் போச்சு. வேரு உசுரோட இருக்கு. பதினஞ்சு நாள்ல தளிரு விடும். சித்திரையில காய்க்கும். ஏண்ணே, நீங்களும் வெள்ளாமக்காரருதான, சொல்லுங்க."

சின்னக்கண்ணு குனிந்து பார்த்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஆள். பொய் சொல்ல அவருக்கு வழியில்லை. "தளிரும்தான்" என்றார், பிரின்ஸைப் பார்க்காமல்.

"அம்மா, நேர்த்திதான் முடிஞ்சுபோச்சே. ஒரு தாம்பாளம்கூட முழுசாத் தேறல."

"ஒங்கப்பா தாம்பாளக் கணக்குப் பேசலடா. முதல் காயி அம்புட்டும்னாரு. அம்புட்டும் போச்சு. அழுகலையும் சேத்துத்தான் தூக்கிட்டுப் போனேன், ஆயிரம் பேரு பாத்தாங்க. நீ தூணுக்குப் பின்னால நின்ன, ஒனக்குத் தெரியல. முப்பத்திரண்டாவது வருசம் குடுத்தாச்சு. நேர்த்தி முறியல."

பிரின்ஸ் குச்சியைத் துப்பினான். "மணலு வந்திருச்சு, சிமெண்டு வந்திருச்சு. இனிமே திருப்ப முடியாது."

"யாரு திருப்பச் சொன்னது?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வடக்கு ஓரத்துக்கு நடந்தாள். இடித்த குடோனின் வெட்டவெளி முன்னால் கிடந்தது. பழைய முள்வேலி ஒன்று அரைகுறையாக நின்றது.

"இந்த வழியாத்தான் காத்து வந்துச்சு. ஃபிளெக்ஸக் கட்டி நான் முட்டாத்தனம் பண்ணினேன். இந்த எடத்துல ஒரு சுவரு இருந்திருந்தா பாதிச் செடி தப்பிச்சிருக்கும். அண்ணே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுங்க. கல்லு பத்துமா?"

சின்னக்கண்ணு அடி வைத்து அளந்தார். "இடுப்புக்கு மேல வரும். தோளுக்கு வரணும்னா இன்னும் முப்பது கல்லு வேணும்."

"வாங்குவான்."

"என் கார் எங்கம்மா நிக்கும்?" பிரின்ஸ் குரலை உயர்த்தினான். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. காதர் பீவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"தெருவுல நிக்கட்டும். ஆடு ஏறினா காரு எந்திரிச்சு வேற எடத்துக்குப் போகும், சக்கரம் வச்சிருக்குல்ல. கத்திரிச் செடிக்குச் சக்கரமா இருக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. பிரின்ஸ் அந்தத் திசையைப் பார்த்து முறைத்தான். சுவர்தான் இருந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவள் அதற்குள் முள்வேலியைப் பிடுங்க ஆரம்பித்திருந்தாள், வெறுங்கையால்.

"கையக் கிழிச்சுக்கப் போற. தள்ளு" என்றான்.

அவள் தள்ளவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடுங்கினார்கள். வேலி போனதும் சின்னக்கண்ணு ஒரு மூலையில் முளை அடித்து நூலைக் கட்டினார். இன்னொரு முனையை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒராளு பிடிங்கப்பா. சித்தாளு இன்னும் வரல."

பிரின்ஸ் வாங்கிக்கொண்டு கிழக்கு மூலைக்கு நடந்தான். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

"தொய்யுது, இழுத்துப் பிடி" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "பின்னால கட்ட இருக்கு, மிதிக்காத."